குறையில்லாக் கண்ணும் குறை தீர்ந்த கண்ணும்

போர் விமானி ஆக விரும்புகிறவருக்குப் பிறவியிலேயே குறையற்ற கண் இருக்க வேண்டும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. எட்டாம் வகுப்பில் மூக்குக்கண்ணாடி ஏறியதுமே விமானப்படை ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள், பெற்றோரும் ஆசிரியரும். லேசர் சிகிச்சையால் பவரைப் போக்கிக்கொண்டவரைப் பற்றிய பேச்சு இன்னும் கடுமையானது. அந்தக் கண் ஒட்டுப்போட்ட கண், உயரத்தில் பார்வை கெடும், வேகத்தில் வெட்டிய இடம் பிரியும், எப்படியும் படை மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பார்கள்.

இந்த நம்பிக்கையில் மூன்று கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. படை விதி பிழையற்ற கண்ணைக் கேட்கிறது என்பது முதலாவது. அத்தகைய கண்தான் வானில் நம்பகமானது என்பது இரண்டாவது. அறுவை சிகிச்சை கண்ணின் வலுவைக் குறைத்துப் பார்வையைத் தருகிறது, ஆகவே அது படைக்கு ஆகாது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு துணுக்கு உண்டு. ஆனால் எந்த ஒன்றும் முழுதாக நிற்பதில்லை.

விதி கேட்பது என்ன

இந்திய விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு அஃப்காட் தேர்வு வழியாக ஆள் எடுக்கும் அறிவிக்கைகளில் கண் தகுதி எண்களாகவே தரப்படுகிறது. ஒரு கண்ணில் 6/6 பார்வை இருக்க வேண்டும். மற்றக் கண்ணில் 6/9 இருந்தால் போதும். ஆனால் அந்தக் குறை தூரப்பார்வையால் வந்ததாகவும் லென்ஸ் வைத்தால் 6/6 ஆகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தூரப்பார்வை +2.0 டையாப்டர் வரை ஏற்கப்படுகிறது. சிலிண்டர் பவர் +0.75 வரை போகலாம். வெளிப்படையான கிட்டப்பார்வைக்கு மட்டும் இடமில்லை. அதிலும் கருவி வழியே பார்க்கும்போது மட்டும் தெரியும் -0.5 அளவுக்கு விலக்கு உண்டு.

பிழையற்ற கண்ணைக் கேட்கும் விதி இப்படி எழுதப்பட்டிருக்காது. +2.0 டையாப்டர் என்பது மருத்துவக் கணக்கில் பிழைதான். அதை விதி ஏற்பதற்குக் காரணம் இளவயதுக் கண்ணின் லென்ஸ் தன்னைத் தடிமனாக்கிக்கொண்டு அந்தப் பிழையைத் தானே ஈடுகட்டிவிடும் என்பது. கிட்டப்பார்வையில் இந்த வசதி கிடையாது. தொலைவில் இருப்பதைத் தெளிவாக்கக் கண் தன் முயற்சியால் எதுவும் செய்ய இயலாது. அதோடு, பதின்ம வயதில் தொடங்கும் கிட்டப்பார்வை இருபதை ஒட்டியும் ஏறக்கூடியது. ஆக, விதியின் கவலை கண் சுத்தமாகப் பிறந்ததா என்பதில்லை. வேலை நடக்கும் நேரத்தில் அது தெளிவாகப் பார்க்குமா, அடுத்த சில ஆண்டுகளுக்கு அப்படியே நிலைக்குமா என்பதே.

பிற நாடுகளின் விதிகளும் இதையே காட்டுகின்றன. அமெரிக்கக் கடற்படை, விமானிப் பயிற்சிக்கு வருபவரிடம் கண்ணாடி இல்லாத நிலையில் 20/40 பார்வையை ஏற்றிருக்கிறது. அமெரிக்க விமானப்படை 20/70 வரை இறங்கியிருக்கிறது. மீட்டர் கணக்கில் இது ஏறத்தாழ 6/21. இரண்டும் லென்ஸ் வைத்தால் 20/20 ஆக வேண்டும் என்பதே நிபந்தனை. உலகின் மிகப் பெரிய வான்படை, கண்ணாடி அணிந்த இளைஞர்களைப் பயிற்சி விமானத்தில் ஏற்றி வந்திருக்கிறது.

6/6 என்ற எண்ணுக்கும் இல்லாத பெருமை ஏற்றப்பட்டிருக்கிறது. டச்சு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட அட்டையிலிருந்து வந்தது இது. ஆறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை அடையாளம் காண்பதுதான் 6/6. நல்ல கண் உள்ள இளைஞர்களில் பலர் 6/5 வரியையும் சிலர் 6/4 வரியையும் வாசித்துவிடுகிறார்கள். 6/6 பார்வையின் உச்சம் அன்று. இதற்குக் கீழே போனால் வேலை கெடும் என்று வைத்துக்கொண்ட ஒரு கோடு. அந்தக் கோட்டை எட்டிய கண் எந்த வழியில் எட்டியது என்பதை அட்டை கேட்பதில்லை.

வானில் கண் படும் பாடு

பார்வைக் கூர்மை விமானிக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. எதிரெதிரே மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு விமானங்கள் விநாடிக்கு 500 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. பத்து கிலோமீட்டர் தொலைவில் புள்ளியாகத் தெரிந்த விமானம் இருபது விநாடியில் மேலே வந்து மோதும். ஐந்து கிலோமீட்டரில்தான் கண்ணில் பட்டது என்றால் கையில் இருப்பது பத்து விநாடி. அணிவகுத்துப் பறப்பதற்கும், வானிலேயே எரிபொருள் நிரப்புவதற்கும், ஓடுபாதையில் இறங்குவதற்கும் கண்தான் முதல் கருவி. ஆகவே தகுதி விதியையே தூக்கிவிட வேண்டும் என்ற வாதமும் செல்லாது.

ஆனால் தரையில் 6/6 படித்த கண் வானிலும் அப்படியே பார்க்கும் என்று நினைப்பதுதான் பிழை. மேகமோ தரையோ தெரியாத வெற்று வானத்தில் கண்ணுக்குப் பற்றிக்கொள்ள எந்த உருவமும் கிடைப்பதில்லை. அப்போது லென்ஸ் தானாகவே ஒரு இடைநிலைக்குத் திரும்பி, விமானியின் முன்னால் ஓரிரு மீட்டர் தொலைவில் குவிகிறது. பிறவியில் எந்தப் பவரும் இல்லாதவர் அந்த நேரத்துக்குக் கிட்டப்பார்வைக்காரர் ஆகிவிடுகிறார். வானூர்தி மருத்துவத்தில் இது நெடுங்காலமாக அறியப்பட்ட நிலை. இதற்கு மருந்து, இறக்கையின் நுனியையோ தொலைவில் உள்ள மேகத்தின் விளிம்பையோ அடிக்கடி பார்த்துக் குவியத்தை மீட்டுக்கொள்ளும் பழக்கம். அது பயிற்சியால் வருவது, பிறப்பால் வருவதன்று.

வயதும் எவரையும் விட்டுவைப்பதில்லை. நாற்பதைத் தாண்டிய விமானிக்குக் கருவிப் பலகையைப் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படத் தொடங்குகிறது. பயிற்சி முடித்த பின் கிட்டப்பார்வை வருபவர்களும் உண்டு. அமெரிக்க விமானப்படையின் விமானிகளில் ஏறத்தாழ கால்பங்கினர் கண்ணாடி அணிபவர்கள் என்று 1990 வாக்கில் எடுத்த கணக்கு காட்டியது. அவர்களுக்கு மென் கான்டாக்ட் லென்ஸ் அணிய 1989 முதல் அனுமதியும் இருந்தது. இந்தியாவிலும் பணியில் உள்ள விமானிக்குப் பவர் வந்தால் திருத்தக் கண்ணாடியோடு பறக்க இடம் தரப்படுகிறது. திருத்திய கண் வானுக்கு ஆகாது என்பது உண்மையானால் இவர்கள் எல்லோரையும் என்றோ தரையில் இறக்கியிருக்க வேண்டும்.

கண்ணாடியில் இடைஞ்சல் இல்லை என்று சொல்வதற்கில்லை. முப்பது கிராம் எடையுள்ள கண்ணாடி, போர் விமானம் 9 ஜி விசையில் திரும்பும்போது 270 கிராம் எடையாக மூக்கை அழுத்தும். கொஞ்சம் சறுக்கினாலே லென்ஸின் மையம் கண்மணியை விட்டு விலகும். வியர்வையும் பனிமூட்டமும் சேரும். பிராணவாயு முகமூடி, தலைக்கவசத்தின் முகத்திரை, இரவில் பார்க்க உதவும் கருவி எல்லாம் அதே முகத்தில்தான் இடம் பிடிக்க வேண்டும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் கண்ணாடியின் குறைகள், திருத்திய கண்ணின் குறைகள் அல்ல. முகத்தில் எதையும் சுமக்காமல் பார்வையைத் திருத்த முடிந்தால் இந்த ஆட்சேபங்கள் ஒன்றுகூட மிஞ்சாது. படைகள் அறுவை சிகிச்சையை நாடியதும் இந்தக் காரணத்தால்தான்.

அச்சம் எங்கிருந்து வந்தது

அறுவை சிகிச்சை பற்றிய அச்சம் வெறுங்கதை அன்று. சோவியத் மருத்துவர் ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரோவ் 1970களில் பரப்பிய முறையில், கருவிழியின் மேல் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஆழமாகக் கத்தியால் கீறினார்கள். கீறல்கள் ஆறும்போது கருவிழியின் நடுப்பகுதி தட்டையாகி கிட்டப்பார்வை குறைந்தது. ஆனால் கீறல் கருவிழியின் பெரும் ஆழத்துக்குப் போனதால் அதன் கட்டமைப்பு தளர்ந்தது. அமெரிக்காவில் இந்த முறையைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், பத்தாண்டு முடிவில் 43 விழுக்காடு கண்கள் ஒரு டையாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன.

உயரம் இன்னொரு சோதனையாக அமைந்தது. பிராணவாயு குறைந்தால் கருவிழி நீர் கோத்துச் சிறிது வீங்கும். கீறப்பட்ட கருவிழி சீராக வீங்காமல் வடிவம் மாறும். 1996இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ் இந்த அறுவை செய்துகொண்டவர். மலையேற்றத்தின் நடுவே பார்வை மங்கி அவர் நின்றுவிட நேர்ந்தது உலகறிந்த செய்தி ஆயிற்று. அதே காலத்தில் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்தில், 14,100 அடி உயரத்தில், மூன்று நாள் நடந்த ஆய்வில் கீறல் அறுவை செய்த கண்கள் தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்துகொண்டே போயின. லேசரால் மேற்பரப்பைச் செதுக்கிய கண்களோ எந்த அறுவையும் செய்யாத கண்களைப் போல நிலையாக இருந்தன.

ஒரே ஆய்வு இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பிரித்துக் காட்டியது. இருந்தும் முதல் முறைக்கு வந்த கெட்ட பெயரை இரண்டாவதன் தலையில் கட்டுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான். இந்திய விமானப்படையின் விதி இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே செய்கிறது. கீறல் அறுவை செய்தவருக்கு எந்தப் பணியிலும் இடமில்லை. பி.ஆர்.கே., லேசிக் என்ற லேசர் சிகிச்சைகளைச் செய்தவரை நிபந்தனையோடு பரிசீலிக்கலாம்.

லேசர் செய்வது என்ன

கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் ஏறத்தாழ 60 டையாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தருவது கருவிழி. நடுவில் அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் கொண்ட அதன் வளைவைக் கொஞ்சம் மாற்றினாலே பவர் மாறிவிடும். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எக்ஸைமர் லேசர், சுற்றுத் திசுவைச் சுடாமல் மைக்ரான் கணக்கில் செதுக்க வல்லது என்று 1983இல் காட்டப்பட்டது. பி.ஆர்.கே. முறையில் மேல் தோலை அகற்றி அதற்குக் கீழே செதுக்குகிறார்கள். தோல் சில நாளில் வளர்ந்து மூடிக்கொள்ளும். வலியும் மங்கலும் சில நாள் இருக்கும், பார்வை முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும். லேசிக் முறையில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மடலைத் திரும்ப மூடுகிறார்கள். மறுநாளே பார்வை தெளியும்.

மடல்தான் படைகளின் முதல் கவலை. பலத்த அடி பட்டால் ஆண்டுகள் கழித்தும் மடல் நகர்ந்த நோயாளிகள் உண்டு. அதனால் அமெரிக்கக் கடற்படை முதலில் மடல் இல்லாத பி.ஆர்.கே. முறையைத் தேர்ந்தெடுத்தது. சான் டியேகோ கடற்படை மருத்துவமனையில் 1990களில் இந்த ஆய்வுகளை நடத்திய ஸ்டீவன் ஷால்ஹார்ன், எஃப்-14 போர் விமானம் ஓட்டி, 'டாப் கன்' பள்ளியில் பயின்று, பின்னர் கண் மருத்துவர் ஆனவர். விமானி இருக்கையின் தேவை தெரிந்தவர் கையில் அந்த ஆய்வு நடந்தது. கடற்படை பி.ஆர்.கே.யை முதலிலும் லேசிக்கைப் பின்னரும் விமானிகளுக்கு ஏற்றுக்கொண்டது.

அமெரிக்க விமானப்படை 2007 மே மாதம் லேசிக் செய்தவர்களுக்கும் விமானிப் பயிற்சியின் கதவைத் திறந்தது. அவர்கள் மீது இருந்த உயர வரம்பையும் அதிவேக விமானத் தடையையும் நீக்கியது. மிகுந்த ஜி விசையிலும், விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முகத்தில் மோதும் காற்றிலும், உயரத்திலும் லேசிக் செய்த கண்ணுக்கும் செய்யாத கண்ணுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்ற ஆய்வு முடிவையே அது காரணமாகச் சொன்னது. அதே ஆண்டு நாசாவும் விண்வெளி வீரர் தேர்வில் பி.ஆர்.கே., லேசிக் செய்தவர்களை, ஓராண்டு கடந்திருந்தால், ஏற்கத் தொடங்கியது.

இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும் என்ற புகாரும் தொடக்கக் காலத்தில் உண்மையாக இருந்தது. அன்று செதுக்கிய வட்டத்தின் விட்டம் நான்கு, ஐந்து மில்லிமீட்டர்தான். இருட்டில் இளைஞரின் கண்மணி ஆறு, ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். செதுக்கிய பகுதிக்கு வெளியே புகுந்த ஒளி சிதறியது. இன்று வட்டத்தை ஆறரை மில்லிமீட்டர் வரை அகலமாக எடுக்கிறார்கள். ஓரத்தையும் சரிவாக இழைக்கிறார்கள். புகார் பெரிதும் குறைந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கணக்கிட்டால்தான் இந்திய நிபந்தனைகளின் பொருள் விளங்கும்.

நிபந்தனைகளின் கணக்கு

இந்திய விமானப்படை வைத்திருக்கும் நிபந்தனைகள் ஐந்து. இருபது வயதுக்கு முன் சிகிச்சை நடந்திருக்கக் கூடாது. விழியின் முன்பின் நீளம் 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சிகிச்சைக்குப் பின் சிக்கல் ஏதுமின்றிப் பன்னிரண்டு மாதமாவது கடந்திருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு கருவிழித் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. சிகிச்சைக்கு முன் பவர் 6 டையாப்டருக்கு மேல் இருந்திருக்கக் கூடாது.

தடிமன் கணக்கு எளியது. ஒரு டையாப்டரைப் போக்கச் செதுக்க வேண்டிய ஆழம், வட்டத்தின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி மூன்றால் வகுத்தால் மைக்ரானில் கிடைக்கும். விட்டம் ஐந்து மில்லிமீட்டர் என்றால் டையாப்டருக்கு எட்டு மைக்ரானுக்குச் சற்று மேல். ஆறரை என்றால் பதினான்கு. 520 மைக்ரான் கருவிழியும் -5 பவரும் உள்ளவருக்கு ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில் எழுபது மைக்ரான் போகும். மிஞ்சுவது 450, விளிம்பில் தப்பிவிடுவார். அதே கருவிழியில் -6 பவர் என்றால் மிஞ்சுவது 435. பார்வை அட்டையில் கடைசி வரியைப் படித்தாலும் அவர் தேர்வாக மாட்டார். கருவிழி 540 மைக்ரானாக இருந்திருந்தால் அவருக்கும் 455 மிஞ்சியிருக்கும். மெலிந்த கருவிழி காலப்போக்கில் முன்னோக்கிப் பிதுங்கக் கூடும் என்பதால் வைத்த எல்லை இது.

விழி நீளத்துக்கான எல்லை இன்னும் ஆழமான காரணத்தால் வந்தது. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி முன்பின்னாக நீள்வதால் வருகிறது. இயல்பான நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினால் இரண்டரை முதல் மூன்று டையாப்டர் கிட்டப்பார்வை சேரும். நீண்ட விழியில் விழித்திரை இழுபட்டு மெலியும், கிழிந்து பிரியும் வாய்ப்பும் கூடும். லேசர் கருவிழியைத்தான் திருத்துகிறது. நீண்ட விழி நீண்டபடியே இருக்கும், விழித்திரையும் பழையபடியே இருக்கும். அறுவை செய்த கண்ணை ஐயத்தோடு பார்ப்பவர்களின் வாதத்தில் மிக வலுவான பகுதி இதுதான். ஆனால் அதற்கு விடை அளவுகோலில் இருக்கிறது, தடையில் இல்லை. நீளத்தை அளந்து, விழித்திரையைச் சோதித்து, தகுதி உள்ளவரை எடுக்கலாம். விதி அதைத்தான் செய்கிறது.

மறுபக்கத்துப் பிழை

பழைய நம்பிக்கை உடைந்த இடத்தில் புதிய மூடநம்பிக்கை ஒன்று முளைத்திருக்கிறது. பணம் கட்டி லேசர் செய்துகொண்டால் விமானப்படை கதவு திறந்துவிடும் என்பது அது. லேசரால் மாறாதவை பல. நிறங்களைப் பிரித்தறியும் திறன் மாறாது. பறக்கும் பிரிவு அதில் மிக உயர்ந்த தரத்தையே கேட்கிறது. மாறுகண்ணும், இரு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணரும் திறனில் உள்ள குறையும் லேசரால் தீரா. சிகிச்சையை மறைக்கவும் முடியாது. கருவிழியின் வளைவை வரைபடமாக்கும் கருவி செதுக்கிய வட்டத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

வயதுக் கணக்கும் கறாரானது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேரும் வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. இருபதுக்கு முன் சிகிச்சை கூடாது என்ற நிபந்தனையால் அந்த வாசல் லேசர் செய்தவருக்குத் தானாகவே மூடிக்கிடக்கிறது. இதில் அநியாயம் இல்லை, ஏனென்றால் வளர்ந்துகொண்டிருக்கும் விழியில் இன்று செதுக்கிய அளவு நாளை போதாமல் போகும். அவருக்குத் திறந்திருப்பது பட்டப்படிப்புக்குப் பின் வரும் அஃப்காட் வழி. அதில் பறக்கும் பிரிவின் வயது இருபதிலிருந்து இருபத்து நான்கு. இருபதில் சிகிச்சை, ஓராண்டு காத்திருப்பு என்றால் கையில் மிஞ்சுவது மூன்றாண்டு. பதினெட்டில் அவசரப்பட்டுச் செய்துகொண்டவர் அந்த மூன்றாண்டையும் தானே தொலைத்தவர்.

விதியிலும் விமர்சிக்க இடம் உண்டு. லேசர் செய்து 6/6 எட்டியவரை ஏற்கும் படை, -0.75 பவருக்குக் கண்ணாடி அணிந்து 6/6 எட்டுபவரைப் பறக்கும் பிரிவின் வாசலிலேயே நிறுத்துகிறது. அதே குறை பணியில் சேர்ந்த பின் வந்தால் கண்ணாடி தந்து பறக்க விடுகிறது. பயிற்சிக்குச் செலவழித்த விமானியை இழக்க விரும்பாததும், விண்ணப்பதாரர் கூட்டமாக வருவதும் இதற்கு நிர்வாகக் காரணங்கள். மருத்துவக் காரணமாக இதைக் காட்ட முடியாது. சிறிய, நிலைத்துவிட்ட கிட்டப்பார்வையைக் கண்ணாடியோடு ஏற்கும் அமெரிக்க வழி, தேவையில்லாத அறுவைகளைத் தவிர்க்கவும் உதவும்.

கண் விமானியின் கருவி. கருவியிடம் கேட்க வேண்டியது அது என்ன செய்கிறது, எவ்வளவு காலம் செய்யும் என்பதே. பவர் உள்ள இளைஞரும் அவர் பெற்றோரும் முதலில் செய்ய வேண்டியது ஆசையைக் கைவிடுவதும் அல்ல, லேசர் மையத்துக்கு ஓடுவதும் அல்ல. விழி நீளம், கருவிழித் தடிமன், விழித்திரை, நிறப்பார்வை ஆகிய நான்கையும் அளந்து பார்த்து, அந்த ஆண்டின் அறிவிக்கையோடு ஒப்பிட்டு, இருபது வயது நிறையும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நான்கும் எல்லைக்குள் இருந்தால், மூக்கில் ஏறிய கண்ணாடி மட்டுமே விமானி ஆசைக்குத் தடை ஆகாது.